இரண்டு விதமாகப் படிக்கப்பட்ட விதி

மத்திப் படகுகள் கரை சேர்ந்துவிட்டன என்று தகவல் வந்தால் சாஃபி துறைமுகத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடும் பெண்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். ரெக்கியாவும் ஒருத்தி. ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்து வாயில் அடைத்துக்கொண்டே ரப்பர் பூட்ஸை மாட்டுவாள். மீன் யாருக்காகவும் காத்திருக்காது.

டப்பா மீன் தொழிற்சாலையில் அவளுக்குத் தலை நறுக்கும் இயந்திரத்தில் வேலை. பக்கத்து இயந்திரத்தில் இஜ்ஜா. இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் தோளோடு தோள் நின்றவர்கள். தொழிலாளர் பிரதிநிதித் தேர்தலில் இஜ்ஜா நின்றபோது அவள் கூச்சப்பட்டு ஒதுங்க, வரிசை வரிசையாகப் போய் ஓட்டுக் கேட்டவள் ரெக்கியாதான்.

"இவளும் நம்மள மாதிரி கை நாற மீன் அறுக்குறவ. ஆபீஸ்ல உக்காந்து நமக்காகப் பேச வேற யாரு இருக்கா?" என்று கேட்டாள். இஜ்ஜா ஜெயித்தாள்.

இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு பாதுகாப்பு விதி தொங்கியது. இயந்திரத்தைத் துப்புரவு செய்யும்போது மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும், சாவி துப்புரவு செய்பவரிடமே இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் கத்தியின் வாயில் தோலும் குடலும் ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது தடவை சிக்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, பூட்டி, எடுத்து, திறந்தால் நாலு நிமிடம் போய்விடும். மேனேஜர் லஹ்பீபுக்கு அந்த நாலு நிமிடம் வயிற்றெரிச்சல்.

பாதுகாப்புக் குழுவைக் கூட்டினார். இஜ்ஜாவும் அதில் உறுப்பினர். அடைப்பு எடுப்பது துப்புரவா, உற்பத்தியா என்பதுதான் கேள்வி. வேலை முடிந்தபின் தண்ணீர் விட்டுக் கழுவுவதே துப்புரவு, நடுவில் அடைப்பு எடுப்பது உற்பத்தியின் ஒரு பகுதி, அதற்குப் பூட்டு வேண்டாம் என்று குழு விளக்கம் சொன்னது. பெண்களுக்கு அதை அறிவிக்க இஜ்ஜாவையே அனுப்பினார்கள்.

"ஏண்டி, கை போற எடம் ஒண்ணுதானே?" என்றாள் ரெக்கியா. "சாயங்காலம் போனா வெட்டும், மத்தியானம் போனா வெட்டாதா?"

"எல்லாரும் உக்காந்து பேசித்தாண்டி முடிவு பண்ணினோம். அடைப்பு எடுக்க நீளமா ஒரு கொக்கி தர்றோம்னு சொல்லியிருக்காங்க. நான் ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்னா யோசிக்காமலா வந்திருப்பேன்?"

கொக்கி வரவில்லை. அடுத்த மாதம் இஜ்ஜாவுக்கு டப்பா பரிசோதிக்கும் அறையில் நாற்காலி கிடைத்தது. அங்கே கால் நனையாது, படகு போகாத மாதங்களிலும் வேலை உண்டு. இரண்டுக்கும் முடிச்சுப் போட ரெக்கியாவுக்குத் தோன்றவே இல்லை. தோழிக்கு நல்லது நடந்ததென்று அவளைக் கூப்பிட்டு, புதினா டீயும் பாதாம் பலகாரமும் கொடுத்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடைப்பை எடுக்கப் போன ரெக்கியாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு இஜ்ஜா தினமும் வந்தாள். ஹரீரா சூப்பை ஆற்றி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ரெக்கியா அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

ஆறு வாரம் கழித்துத் தொழிலாளர் ஆய்வாளர் தொழிற்சாலைக்கு விசாரிக்க வந்தார். தவறு ரெக்கியாவுடையது என்று எழுதப்பட்டால் அவளுக்கு வேலை போகும். மூன்று விரல் இல்லாதவளை ஊரில் வேறு எந்தத் தொழிற்சாலை எடுக்கும்?

விபத்தைப் பற்றிக் குழு எழுதிய அறிக்கையை லஹ்பீப் நிதானமாகப் படித்தார். "அடைப்பு எடுப்பது துப்புரவு வேலை. துப்புரவுக்கு இயந்திரத்தை நிறுத்திப் பூட்ட வேண்டும். தொழிலாளி பூட்டவில்லை. விதியை மீறியவர் அவரே."

ரெக்கியாவுக்கு முதலில் புரியவில்லை. "அது உற்பத்தின்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"யார் சொன்னது? எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் லஹ்பீப்.

ஆய்வாளர் அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார். அடியில் தொழிலாளர் பிரதிநிதியின் கையெழுத்து இருந்தது. முதியோர் கல்வி வகுப்பில் அந்த எழுத்துகளை இஜ்ஜாவின் விரலைப் பிடித்துப் பழக்கியவள் ரெக்கியா. அடையாளம் கண்டுகொள்ள இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா," என்று ஆய்வாளர் இஜ்ஜாவைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி குழு வேற மாதிரி விளக்கம் சொல்லியிருக்கா?"

இஜ்ஜா தரையைப் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லைங்க."

மூன்று வார்த்தை. இருபத்திரண்டு வருடத்தைக் கழுவி ஊற்ற அவ்வளவு போதுமாக இருந்தது. கை வெட்டுப்பட்டபோதுகூட ரெக்கியாவுக்கு இப்படி வலிக்கவில்லை.

ஆய்வாளர் அனுபவசாலி. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை தடவை அடைக்கும் என்று ரெக்கியாவிடம் கேட்டுக்கொண்டு, உற்பத்திப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "நாப்பது தடவை பூட்டித் திறந்தா ஒரு ஷிஃப்டுல ரெண்டரை மணி நேரத்துக்கு மேல மெஷின் நின்னிருக்கணும். இங்க அஞ்சு மாசமா எந்த நாள்லயும் பதினஞ்சு நிமிஷத்தைத் தாண்டலையே. ஒருத்தர்கூடவா அடைப்பு எடுக்கல, மேனேஜர் சார்?"

தவறு தொழிற்சாலையுடையது என்று ஆய்வாளர் எழுதினார். ரெக்கியாவின் வேலை தப்பியது.

வாசலில் இஜ்ஜா ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். "மன்னிச்சிடுடி. கையெழுத்துப் போடலேன்னா அந்த நாற்காலி வேலையைப் பறிச்சிடுவேன்னு மேனேஜர் சொன்னாரு. படகு போகாத மாசத்துல வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். என் வீட்டுலயும் அதே மாசந்தான்." ரெக்கியாவின் குரல் உயரவில்லை. "லஹ்பீப் சட்டத்தை வளைச்சா எனக்கு ஆச்சரியம் இல்ல, அவர் ஒரு நாளும் அந்த மெஷின்ல கை விட்டவர் இல்ல. நீ விட்டவ. சட்டத்துல எந்த வரி சந்தேகமா இருந்தாலும் கையை உள்ள விடுறவளைக் காப்பாத்துற மாதிரிதாண்டி அர்த்தம் சொல்லணும். அதுக்காகத்தான் உன்னை அந்த மேசைக்கு அனுப்பினோம். அங்க போய் நீ உன் நாற்காலியைக் காப்பாத்துற மாதிரி அர்த்தம் சொல்லிட்டு வந்த. அடுத்த தேர்தல்லயும் நான் வரிசை வரிசையாப் போவேன், இஜ்ஜா. இந்தக் கையைக் காட்டி, உனக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு கேக்க."