ஹல்வார்ட் பார்க்காத பத்து நிமிடம்

ஊர்க் கால்பந்துக் குழுவான ஸ்கார்வ்நெஸ் ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் எண்பதாவது நிமிடத்தில் ஹல்வார்ட் எழுந்துவிடுவான். வரிசையில் இருப்பவர்களின் முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு வெளியேறி, கேலரிக்குப் பின்புறம் இருந்த பலகைக் கடைக்கு வந்து சேருவான். கடைசிப் பத்து நிமிடத்தைத் தான் பார்த்தால் எதிரணி கோல் போட்டுவிடும் என்பது அவன் நம்பிக்கை. அந்த வரிசை முழுவதுமே அதை நம்பியது.

கடையில் அவன் மனைவி சுன்னிவா இரும்பு அச்சில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருப்பாள். குழுவுக்காக ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் முறைவைத்துச் செய்யும் வேலை அது. வேறு யார் சுட்டாலும் கருகியதால் எல்லா முறையும் அவளுக்கே வந்தது.

ஹல்வார்ட் கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியில் உட்கார்ந்து, "சொல்லு, உள்ள என்ன நடக்குது?" என்பான். எண்பது நிமிடம் பார்த்துவிட்டு வந்தவன், ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவளிடம் கேட்பான். அவளும் சளைக்காமல் சொல்வாள். கேலரியின் மரப்பலகைகளில் கால்கள் தடதடவென்று தட்டினால் நமக்குக் கார்னர், மூலைக்கொடியிலிருந்து அடிக்கும் உதை. நீளமாக ஒரு பெருமூச்சு எழுந்தால் அவர்கள் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று. அவன் பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக் கேட்பான். "கார்னரா? அப்ப நல்லது," என்பான்.

போன இலையுதிர் காலத்தில் ஸ்கார்வ்நெஸ் நாட்டுக் கோப்பையை வென்றது. அதனால் ஐரோப்பியப் போட்டியில் ஆட இடம் கிடைத்தது, ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக. ஹல்வார்ட் அன்றைக்கே அடுத்த சீசனுக்கு டிக்கெட் வாங்கிவிட்டான். பிப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே மண்வாரியின்மேல் சாய்ந்தான். மருத்துவமனைப் படகு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஏப்ரலில் லீக் தொடங்கியது. ஸ்கார்வ்நெஸ் முன்னிலை பெறும், பிறகு கடைசி நிமிடங்களில் கோட்டைவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் இதே கதை. தடுப்பாட்டக்காரர்கள் களைத்துப்போகிறார்கள் என்று பயிற்சியாளர் பத்திரிகைக்குச் சொன்னார். ஹல்வார்டின் வரிசைக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது: எழுந்து போக ஆளில்லை.

பக்கத்து இருக்கைக்காரனான தூர்லைஃப், தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறவன், முதலில் தன்னையே தியாகம் செய்தான். எண்பதில் எழுந்து கடைக்கு வந்தான். இரண்டாவது வாஃபிளைத் தின்றுகொண்டிருக்கும்போது எதிரணி கோல் போட்டுவிட்டது. மீன் ஆலையில் வேலை பார்க்கும் ஒத்னி அவனை விடவில்லை.

"ஹல்வார்ட் போனது கோலைக் காப்பாத்த. நீ போனது வயித்தைக் காப்பாத்தடா."

அடுத்த ஆட்டத்தில் ஒத்னியே போனாள். இரண்டு கோல் விழுந்தது. தூர்லைஃப் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான்.

பிறகு வரிசை கூடி யோசித்து, எழுந்து போகிறவர் ஹல்வார்டின் இருக்கையிலிருந்துதான் எழ வேண்டும் என்று கண்டுபிடித்தது. மே மாதம் தூர்லைஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைமுன் வந்து நின்றான்.

"அவன் சீட்டுல நீ உக்காரு, சுன்னிவா. எண்பதுல எழுந்துடு. அவ்வளவுதான்."

"எனக்கு ஆட்டமே தெரியாதே."

"நம்ம தடுப்பாட்டக்காரனுங்களுக்கும்தான் தெரியாது. அவனுங்க ஆடலையா?"

கடையை இடைவேளைக்கு மட்டும் திறப்பது என்று ஏற்பாடாயிற்று. அவள் உட்கார்ந்தாள், எண்பதில் எழுந்தாள், ஸ்கார்வ்நெஸ் ஜெயித்தது. அடுத்ததும் ஜெயித்தது. அவள் எழும்போது முழங்கால்கள் தாமாக ஒதுங்கின, பின்வரிசையில் கைதட்டினார்கள். லீக்கில் குழு மளமளவென்று மேலே ஏறியது. ஜூலையில் ஐரோப்பிய ஆட்டங்கள் தொடங்கின. மால்டாவிலிருந்து வந்தவர்கள் கோடைக்காலத்தில் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தோற்றார்கள். அவர்களுக்குப் பிறகு ஒரு ஸ்லோவேனியக் குழு வந்து தோற்றுப் போனது.

ஒவ்வொரு தடவையும் சுன்னிவா எழுந்து, பூட்டிய கடையைத் திறந்து, உள்ளே நின்றாள். மீன்பெட்டி கவிழ்ந்தபடியே கிடந்தது. ஒருநாள் பலகைகள் தடதடத்தபோது, "நமக்குக் கார்னர்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டே நின்றாள். வெற்றி விசில் ஊதியதும் எல்லோரும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்வார்கள், அவளும் சிரிப்பாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெல்ஜியக் குழுவோடு தீர்மான ஆட்டம். அவர்கள் ஊரில் ஆடிய முதல் ஆட்டம் சமன். இங்கே ஜெயித்தால் குளிர்காலம் வரை ஐரோப்பாவில் ஆடலாம். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் ஸ்கார்வ்நெஸ் ஒரு கோல் போட்டது. அதிலிருந்து அந்த வரிசையில் ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தையும் சுன்னிவாவையும் பார்த்தார்கள்.

எண்பது. தூர்லைஃப் தலையசைத்தான். சுன்னிவா எழுந்து, மடியில் இருந்த கம்பளியை மடித்தாள். பிறகு அதை விரித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் போகல."

"விளையாடாத, சுன்னிவா. மணி ஆச்சு."

"அங்க போனா நான் யார்கிட்ட சொல்றது?"

ஒத்னி கம்பளியின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, அவள் இருக்கட்டும் என்றாள். ஆனால் யாராவது போயாக வேண்டுமே. ஒத்னியே எழுந்தாள். ஒருத்தி போதாது என்று தூர்லைஃப் எழுந்தான். தாங்கள் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் பழி தங்கள்மேல் வருமே என்று மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். பெரிய உடம்பெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வெளியேற, வரிசையில் சுன்னிவா மட்டும் மிஞ்சினாள்.

சற்று நேரத்தில் பலகைகள் தடதடத்தன. அவள் மூலைக்கொடியைப் பார்த்தாள். அங்கே ஒருவருமில்லை. மைதானத்தின் நடுவில் ஸ்கார்வ்நெஸ் ஆட்டக்காரன் ஒருவன் உட்கார்ந்து நிதானமாகக் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தை முடித்து விசில் ஊதச்சொல்லி நடுவரை அவசரப்படுத்தத்தான் கூட்டம் கால் தட்டியது. அதற்கடுத்து அந்த நீளமான பெருமூச்சு வந்தது. பந்து மேலே போகவில்லை. நம் கோல்கீப்பர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

இத்தனை வருஷமாக அவள் சொன்னதெல்லாம் தப்பு. ஒன்றுகூடச் சரியில்லை. ஹல்வார்ட் சின்ன வயதிலிருந்து இந்த மரப்பலகைகளில் கால் தட்டியவன். எந்தச் சத்தம் எதற்கென்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறான், கார்னரா என்றிருக்கிறான்.

சுன்னிவாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரே மூச்சைப் பிடித்திருக்க அவள் கம்பளியில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். பின்வரிசைக்காரன் அவள் அழுகிறாள் என்று நினைத்துத் தோளில் தட்டினான். கொஞ்சம் அதுவும் இருந்தது.

கடைசியில் உண்மையாகவே ஒரு கார்னர், அவர்களுக்கு. பந்து ஒரு பெல்ஜியக்காரன் தலையில் பட்டு, கம்பத்தில் இடித்து, கோட்டின்மேல் உருண்டது. கோல்கீப்பர் அதன்மேல் குப்புற விழுந்தான். கூட்டம் அலறியது. விசில் ஊதியது. கூட்டம் மறுபடி அலறியது.

அவள் பின்பக்கம் இறங்கி வந்தபோது, வரிசை முழுவதும் பூட்டிய கடைமுன் நின்றிருந்தது. தூர்லைஃப் கடைக்கு வெளியே கிடந்த ஒரு பால் கூடைமேல் உட்கார்ந்திருந்தான், முகம் வெளுத்து.

"ரெண்டு அலறல் கேட்டுச்சு," என்றான். "முதல் அலறல் கோலா? யாரு போட்டா? என்ன ஆச்சு, சொல்லித் தொலையேன்."

சுன்னிவா கடையைத் திறந்தாள். மீன்பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு, அதில் அவனை உட்காரச் சொன்னாள். வாஃபிள் இரும்பைச் சூடேற்றி, மாவைக் கலக்கினாள்.

"ஜெயிச்சாச்சு," என்றாள். ஒத்னி தூர்லைஃபின் தொப்பியைப் பிடுங்கிக் கூரைமேல் வீசினாள். ஆரவாரம் அடங்கும்வரை சுன்னிவா காத்திருந்தாள்.

"முதல்லேருந்து சொல்றேன். நீங்க போன கொஞ்ச நேரத்துல நமக்கு ஒரு கார்னர்."

தூர்லைஃப் நிமிர்ந்து பார்த்தான். அவனும் அந்தப் பலகைகளில் கால் தட்டி வளர்ந்தவன்தான்.

"ஆமா," என்றான். "இங்க கேட்டுச்சு."

அவள் மாவை ஊற்றினாள்.