மரத்துக்கு ஜாமீன்

அரிவாளின் நுனி மாமரத்தின் பட்டையில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, அதன்மேல் ஏறுவதா சுற்றிப் போவதா என்று ஒரு கட்டெறும்பு மீசையை ஆட்டி யோசிக்கிறது, அப்பா அரிவாளைப் பிடித்தபடியே திரும்பி அவன் முகத்தைப் பார்க்கிறார், அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி, விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்க்கும், அதுக்கு நான் பொறுப்பு, அவ்வளவுதான், பின்வீட்டுத் தெய்வானை அக்கா நேற்றே இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டாள், காய்க்காத மரத்த ஒருத்தர் வெட்டப் போறேன்னு மெரட்டணும் தம்பி, இன்னொருத்தர் ஓடியாந்து தடுத்து ஜாமீன் நிக்கணும், மரத்துக்கு ரோஷம் வந்து மறு வருஷம் பூத்துத் தள்ளும், எங்கண்ணன் வீட்டுப் பலா அப்படித்தான் காய்ச்சுது. அம்மா மஞ்சள் குங்குமத் தட்டோடு கிணற்றடியில் காத்திருக்கிறாள், அக்கா மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்க்கிறாள். முப்பத்து மூன்று வயது ஆளுக்கு ஒரு வரி சொல்ல வரவில்லை.

இந்த மரம் வந்த நாளில் அவனுக்கு இருபத்தைந்து, முதல் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான், அப்பா அப்போது சேலம் வண்டியில் கண்டக்டர், டூட்டி முடிந்து வருகிறார், ஒரு தோளில் டிக்கெட் பை, மறு கையில் ஈரச்சாக்கு சுற்றிய ஒட்டு மாங்கன்று, ஆத்தூரில் ஏற்றித் தன் சீட்டில் அதை உட்காரவைத்துவிட்டுத் துறையூர்வரை நின்றுகொண்டே வந்தாராம், செடிக்கு டிக்கெட் போட்டாச்சா கண்டக்டரு என்று ஒரு பூக்காரம்மா கேட்டாளாம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், மூணாம் வருஷம் காய்க்கும்னு நர்சரிக்காரன் சத்தியமே பண்றான் குட்டுவா, நீ ஆபீசராகி வர்றப்ப கொல்லையில பழம் தொங்கும் பாரு. செங்குட்டுவன் என்று அவர் வைத்த பெயரை அவர் மட்டும்தான் அப்படிச் சுருக்குவார். இருவருமாக முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டுகிறார்கள், மட்கிய சாணியும் சாம்பலும் போடுகிறார்கள், கன்றை வைத்து மண் தள்ளி மிதித்ததும் அப்பா பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதுகிறார், ரைட், போலாம், என்கிறார். அன்றைக்கு அவனும் சிரித்தான், இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது, இவ்வளவு சந்தோஷத்தை ஒரு குச்சியின் தலையில் ஏற்றிவைக்க யார் இவரைக் கேட்டது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, தேர்வுக்கு ஒரு கன்று, முதல்நிலையிலேயே கவிழ்ந்த வருஷம் கொய்யா, அதைத் தாண்டி முதன்மைத் தேர்வில் சறுக்கிய வருஷம் எலுமிச்சை, நேர்காணல்வரை போய் இரண்டு மார்க்கில் திரும்பிய வருஷம் சீத்தா, நட்டதெல்லாம் ஒழுங்காகக் காய்த்தது, இவன்தான் நட்டுக்கொண்டே இருந்தான். வேலிக்கு ஆகட்டும் என்று குத்திவைத்த களாச்செடி அம்மாவின் ஊறுகாய் ஜாடியை வருஷம் தவறாமல் நிரப்புகிறது, பாகற்கொடி ஏறுவதற்காக ஊன்றிய மல்பெரிக் கம்பு யாரையும் கேட்காமல் வேர்பிடித்துப் புதராகிவிட்டது, தெய்வானை அக்கா சேலைத் தலைப்பில் கறை படிய அள்ளிக்கொண்டு போகிறாள், அதற்கு ஒரு நாள்கூட அவன் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. உரமென்றும் மருந்தென்றும் பார்த்துப் பார்த்துச் செய்த மாமரம் மட்டும் ஓட்டுக்கு மேலே இலையாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கொல்லைக்குக் கை கழுவ வந்தால் அண்ணாந்து பார்த்து, எத்தன வருஷமாச்சு, இன்னுமா, என்பார்கள், பிறகு அதே வாயோடு அவன் பக்கம் திரும்புவார்கள். அவனுக்கு அடிக்கடி வரும் கனவு ஒன்று உண்டு, தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கிறான், விடைத்தாளின் வட்டங்களையெல்லாம் கறுப்பாக நிரப்புகிறான், நிரப்ப நிரப்ப ஒவ்வொன்றும் மல்பெரிப் பழமாகி நசுங்கிச் சாறு வழிகிறது, கண்காணிப்பாளர் தாளை வாங்க வருகிறார், நிமிர்ந்து பார்த்தால் தோளில் டிக்கெட் பை, வாயில் விசில், அவர் ஊதுவதற்குள் விழித்துவிடுவான், விழித்தால் ஜன்னலுக்கு வெளியே இந்த மரம்.

திருப்பூரில் அம்மாவின் தம்பி பனியன் கம்பெனி ஒன்றில் இருக்கிறார், சரக்கு பாத்துக்க ஆள் வேணும் மாப்ள, ஞாயித்துக்கெழமவரைக்கும் எடத்தப் புடிச்சு வைக்கிறேன், அதுக்கு மேல என்னால முடியாது, என்று போனில் சொல்லிவிட்டார், இன்று வெள்ளி. போகிறேன் என்று சொல்ல அவனுக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தானாகச் சொன்னால் தோற்றுவிட்டேன் என்று சொன்னதாகிவிடும், அப்பா ஒரே ஒரு தடவை, போதும்டா, என்று சொல்லிவிட்டால் உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவர் சொல்லமாட்டார். ஒவ்வொரு முடிவு வந்த அன்றும் பட்டியலில் எண் இல்லை என்று இவன் சொன்னதும், அடுத்த தடவ பாத்துக்கலாம், என்பார், வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் மாமரத்துக்கு நீர் ஊற்றுவார், திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த வாளிச் சத்தத்தைத் தாங்கமுடியாது. அந்த அப்பாதான் சற்று முன் அரிவாளோடு வந்தார், அக்கா சொன்னபடி விளையாட்டாகத்தான் தொடங்கினார், உன்ன இன்னிக்கு விடப் போறதில்ல, என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரிக்கவும் செய்தார், பிறகு என்ன ஆயிற்றோ, குரல் இறங்கியது, எட்டு வருஷம், எட்டு வருஷமா ஒனக்கு என்ன கொற வச்சேன், ஊர்ல கேக்கறவனுக்கெல்லாம் நானில்ல பதில் சொல்றேன், ஒனக்கப்புறம் வச்சதெல்லாம் காய்ச்சுருச்சு, நீ நின்னுக்கிட்டே இருக்க, எனக்கு வயசாவுதுன்னு தெரியுதா ஒனக்கு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மரத்துக்கு எங்கே காது, கேட்டது முழுவதும் அவன்தான், எட்டு வருஷத்துத் திட்டும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது, அவனுக்கு அவமானமாக இருந்தது, கோபமாக இருந்தது, அதற்கு அடியில் அப்பாடா என்றும் இருந்தது.

சொல்லு தம்பி, விடுங்கன்னு சொல்லு, என்கிறாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, வாயத் தொறடா, என்கிறாள் அம்மா, எறும்பு இன்னும் நுனியருகில் நிற்கிறது, அவன் வாயைத் திறக்கிறான், வெட்டிருங்கப்பா, என்கிறான். யாருக்கும் புரியவில்லை. அப்படிச் சொல்லக் கூடாதுடா, என்கிறார் அப்பா, வேண்டாம் விடுங்கன்னு சொல்லணும். போதும்பா, வெட்டிருங்க, என்றவன் அருகே போய் அவர் கையிலிருந்து அரிவாளை வாங்குகிறான், வாங்குவதில் நுனி பட்டையைக் கீறிவிடுகிறது, ஓங்கியும் விட்டான், உண்மையாகவே வெட்டியிருப்பான், அதற்குள் அப்பா குறுக்கே வந்து மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார், மூச்சு வாங்குகிறது, வேண்டாண்டா, விட்டுடு, அடுத்த வருஷம் காய்க்கும், அதுக்கு நான் பொறுப்பு, என்கிறார், இவன் சொல்ல வேண்டிய வரிதான் அவர் வாயிலிருந்து வருகிறது, வந்ததோடு நிற்கவில்லை, நான் மரத்தத்தான் திட்டுனேன் குட்டுவா, ஒன்னயில்ல, நீ இன்னும் ஒரு தடவ எழுது, நான் பாத்துக்கறேன். தெய்வானை அக்கா மதிலைவிட்டு மெல்ல விலகிப் போய்விட்டாள்.

அவன் அரிவாளைத் தாழ்த்தினான். என்னயும்தான் திட்டுனீங்க, நல்லா இருந்துச்சுப்பா, முன்னாடியே திட்டிருக்கலாம், என்றான், மரத்துக்கு நீங்க ஜாமீன் நிக்கிறீங்க, சரி, காய்ச்சா எனக்கு ரெண்டு எடுத்து வைங்க, எனக்கு யாரும் நிக்க வேணாம், நான் நாளைக்குத் திருப்பூர் போறேன். அம்மா தட்டைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள், அவன் அரிவாளைத் துணியில் துடைத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பையைத் தேடுகிறான், ஜன்னலில் மரம் தெரிகிறது, கீறல் விழுந்த இடத்தில் ஒரு சொட்டுப் பால் கசிந்து நிற்கிறது, கட்டெறும்பு அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது, யாரும் வெட்ட வராத அந்த மரத்தின் முன்னால் அப்பா இன்னும் கைகளை விரித்தபடி நின்றுகொண்டிருக்கிறார்.