இத்தாலி வென்றால் கடிதம்

உலகக் கிண்ணத்தில் நைஜீரியாவிடம் ஒரு கோல் வாங்கிய இத்தாலி, ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் கிடக்கும்போது செத்தவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்த வேளையில்தான் பஸ்ரியன் கிளாஸ் பொறுக்க வெளியே வந்தான். கோப்பை கழுவுகிறவன் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்பது அந்த பாரில் முதலாளி விட்டோ போட்ட சட்டம். ஆனால் அன்றைக்குக் குசினியில் ஒரு கிளாஸ்கூட மிச்சமில்லை. விடியற்காலையில் இருந்து நின்ற கால் உளைந்தது. டிவிக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த பியர்ப் பெட்டியில் கிளாஸ் தட்டோடு ஒரு கணம் குந்தினான். குந்தவும் இத்தாலி கோல் போட்டது.

இத்தாலிக்காரர் குடியிருந்த செயின்ட் கிளேர் வீதியே இடிந்து விழுந்த மாதிரிச் சத்தம். அது அடங்கியதும் அவன் எழும்பப் போனான். நினோ என்ற கிழவன் அவன் தோளைப் பிடித்து அமத்தினான். சுரங்கம் தோண்டி முதிர்ந்த கை, இரும்பு மாதிரி.

"எழும்பாதே. அப்பிடியே இரு."

மேலதிக நேரத்திலும் இத்தாலி ஒன்று போட்டு வென்றது. அவன் மடியில் தட்டோடு இருந்தபடியே இருந்தான்.

அதற்குப் பிறகு ஸ்பெயினோடு. அதே பெட்டி, அதே தட்டு, கழுவாத அதே ஏப்ரன். கடைசி நேரத்தில் இத்தாலி வென்றது. குசினியில் பீட்சா அடுப்படியில் நிற்கும் இரத்தினவேல் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, உனக்கு ஊரிலை ஒருத்தரும் முகராசி, முழிவியளம் பாத்துப் பொம்பிளை தரேல்லை எண்டனீ. உங்கை பார், ஒரு நாட்டையே தூக்கிக் குடுத்திருக்கிறாங்கள்."

"எனக்குப் பொம்பிளை தந்தவை, அண்ணை. கூட்டிக்கொண்டு வாறதுதான் கஷ்டமாக் கிடக்கு."

அதுதான் அவனுடைய ஒரே கதை. மனைவி ஜெயமலரும் ஏழு வயது மகள் ஷரோனும் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் பதினாலு மாதமாகக் கிடந்தார்கள். இரவில் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். அடையாள அட்டையைப் பார்க்கும், சிலவேளை ஏற்றிக்கொண்டும் போகும். மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடும் பத்திரங்களை லோயர் அடுக்கி வைத்துவிட்டார். ஒன்று மட்டும் குறை: முழுநேர வேலை செய்கிறான் என்று முதலாளி எழுதிய கடிதம். கிழமைக்கு அறுபது மணித்தியாலம் பஸ்ரியன் கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றான். சம்பளச் செக்கில் விழுவது பதினெட்டு மணித்தியாலம். மற்றதெல்லாம் கவரில் வரும் கைக்காசு. அறுபது என்று எழுதிக் கொடுத்தால் வரிக்காரன் வந்து தன் கழுத்தில் ஏறுவான் என்று விட்டோ இரண்டு தரம் சொல்லிவிட்டான்.

பல்கேரியாவை வென்ற அன்று விட்டோ அழுதான். பெட்டியில் இருந்த பஸ்ரியனைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். பஸ்ரியன் யோசித்தான்: கேட்டால் இப்போது கேட்க வேண்டும். கேட்டான். விட்டோவின் இங்கிலீசும் இவனுடைய இங்கிலீசும் ஒரே அளவு உடைந்தது என்பதால் இருவருக்கும் நன்றாக விளங்கும்.

"இத்தாலி கப் எடுத்தால் எழுதித் தாறன்," என்றான் விட்டோ. "அறுபது மணித்தியாலமும். மாதா மேலே சத்தியம்." நினோவும் மற்றக் கிழவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இரவே இரத்தினவேலின் மகள் கடிதத்தை ரைப் பண்ணிக் கொடுத்தாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்குப் பிரேசிலோடு இறுதி ஆட்டம். பார் கொள்ளாமல் சனம் நடைபாதையிலும் நின்றது. பஸ்ரியன் ஊரிலே பள்ளிமுனை மண்ணில் வெறுங்காலோடு பந்தடித்தவன். பந்தைப் பார்த்தால் ஆட்டம் எங்கே போகும் என்று தெரியும். இத்தனை நாளும் இத்தாலிக்குக் கோல் போட்டு வந்த குடுமிக்காரன் ஒரு காலை இழுத்து இழுத்து ஓடுவதை முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுவிட்டான். ஒருவரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூறு நிமிடம் கோல் இல்லை. பிறகு அரை மணி நேரம், அதிலும் இல்லை. அவனுக்கு மூத்திரம் முட்டியது. அசைந்தான். நினோவின் கை தோளில் விழுந்தது.

"எனக்கு ஒருக்கா..."

"பிறகு."

பெனால்டி. இத்தாலியின் முதல் அடியே கம்பத்துக்கு மேலால் போனது. பிரேசில்காரன் அடித்ததை இத்தாலிக் கோலி மறித்தான். பஸ்ரியன் தட்டைப் பிடித்தபடி மடு மாதாவிடம் பேரம் பேசினான். பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடு, உன்ரை கோயிலுக்கு முழங்காலில் நடந்து வாறன். எப்போது நடப்பான், எந்தப் பாதையால் போவான் என்றெல்லாம் யோசிக்கவில்லை. இத்தாலியின் நாலாவது அடியைப் பிரேசில் கோலி பிடித்தான். கடைசியாக வந்தவன் குடுமிக்காரன். அவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னுக்குப் போன விதத்திலேயே பஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது. பந்து வானத்துக்குப் போனது.

விட்டோ டிவியை நிறுத்தினான். வெளியே எங்கோ பிரேசில் கொடி கட்டிய கார் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நினோ தோளிலிருந்த கையை எடுத்து, நடுவிரல் இரண்டையும் மடக்கிக் கொம்பு மாதிரிப் பிடித்து, பஸ்ரியனுக்கு நேரே நிலத்தைக் காட்டினான். கண்ணூறு கழிக்கிறான். அதை விளங்க மொழி வேண்டியதில்லை.

"பின்னுக்குப் போ," என்றான் விட்டோ. "இனி முன்னுக்கு வராதே."

குசினியில் கிளாஸ் மலையாகக் கிடந்தது. ஒன்றுக்கிருந்துவிட்டு வந்த பஸ்ரியன் அலுமாரிக்கு மேலிருந்த கடிதத்தை எடுத்தான்.

"இண்டைக்குக் கேளாதை," என்றார் இரத்தினவேல். "செத்த வீட்டிலை சீதனம் கேட்ட மாதிரி இருக்கும்."

"நாளைக்கு லோயரிட்டைக் குடுக்கவேணும், அண்ணை. மூண்டு ஆட்டம் நான் வெண்டு குடுத்தனான்தானே."

"நீ எங்கையடா வெண்டனீ? பெட்டியிலை இருந்தனீ."

பார் காலியாகியிருந்தது. விட்டோ கல்லாவில் தனியே இருந்தான். பஸ்ரியன் கடிதத்தை முன்னால் வைத்துவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி நின்றான். கிழித்தெறிவான் என்று நினைத்தான். விட்டோ கிழிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தான். பேனையை எடுத்து, அறுபது என்றிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, மேலே பதினெட்டு என்று எழுதினான். முழுநேரம் என்ற சொல்லையும் வெட்டினான். பிறகு வடிவாகக் கையெழுத்துப் போட்டான்.

"செக்கில் என்ன இருக்குதோ அதுதான் உண்மை," என்றான். "நான் பொய் எழுதமாட்டன், பஸ்தியானோ. இத்தாலி தோத்திட்டுது."

குசினிக்குத் திரும்பியதும் இரத்தினவேல் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, கிளாஸ் துடைக்கும் துணியை எடுத்துப் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு பஸ்ரியன் லொட்ஜுக்குப் போன் எடுத்தான். அங்கே மாலை ஆறரை. மனேச்சர் கூப்பிட, ஓடி வந்தது ஷரோன்.

"அப்பா, நாங்கள் வெண்டிட்டம்."

"என்ன பிள்ளை?"

"பிரேசில். லொட்ஜிலை எல்லாரும் பிரேசில். விடிய நாலு மணி மட்டும் முழிச்சிருந்தனான். அம்மா படு படு எண்டு பேசினவ. கடைசியா அடிச்சவன் வானத்துக்கு அடிச்சவன், பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"நான் துள்ளினனான், அப்பா. பக்கத்து அறை அங்கிள் என்னைத் தூக்கினவர்."

"நல்லது பிள்ளை. அம்மாட்டைக் குடு."

ஜெயமலர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். மாடிப்படி இறங்கியிருக்க வேண்டும்.

"கடிதம் தந்தவனோப்பா?"

முழுநேரம் வெட்டுப்பட்ட கடிதம் அவன் சட்டைப் பையில்தான் கிடந்தது.

"தந்தவன்," என்றான்.

அவள் போனை வாயிலிருந்து எடுத்து யாருக்கோ சொல்வது கேட்டது: "கடிதம் கிடைச்சிட்டுதாம்." அங்கே மகள் சந்தோசத்தில் கத்தினாள். நேற்று அந்தப் பந்து வானத்துக்குப் போனபோதும் இப்படித்தான் கத்தியிருப்பாள். பஸ்ரியன் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றான்.