ஒவிதியோ வீட்டிலிருந்த குளிர்காலம்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ஹோஃப்ஸ்டெட்டரிடம் பொய் சொன்னேன். என் புருஷன் ஒவிதியோ கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவருடைய செல்போன் சமையலறை மேசைமேல் கிடந்து அலறியது. எடுத்தேன். பனிச்சறுக்கு ஆட வருகிறவர்களை மலையுச்சிக்கு ஏற்றுகிற கம்பிவட நாற்காலிகள் அத்தனைக்கும் ஹோஃப்ஸ்டெட்டர்தான் மேலாளர்; குளிர்காலமெல்லாம் ஒவிதியோவுக்கு அவரிடம்தான் வேலை, நாற்காலிகளில் ஆட்களை ஏற்றி இறக்குவது.

"நெலிதா, எங்க உன் ஆளு? ஜூன்ல திறக்கறோம். இந்த வருஷமும் ரெண்டாம் நாற்காலி வரிசை அவனுக்குத்தான். வரச் சொல்லு."

"அவருக்கு முட்டி சரியில்ல. இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு," என்றேன். வாய் கூசவே இல்லை.

"அடப்பாவமே. நான் அவன்கிட்டயே பேசட்டுமா?"

"வேண்டாம். ரொம்ப நொந்து போயிருக்காரு. யாரும் அதைப் பத்திக் கேக்காம இருந்தாலே போதும்."

அழைப்பு வந்த தடயத்தையும் அழித்துவிட்டு, செல்போனைக் கிடந்த இடத்திலேயே வைத்தேன். வெளியே கோடாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். முப்பத்தோரு குளிர்காலம், ஐயா. பூமியின் தென்பாதியில், ஜூனில் குளிர்காலம் தொடங்குகிற எங்கள் பாரிலோச்சேயின் பனியைப் பார்க்க பிரேசிலிலிருந்து விமானம் பிடித்து வருகிறார்கள். இங்கேயே பிறந்த நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் விடியுமுன் போவார், இருட்டியபின் வருவார், சூப்புத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார். ஞாயிறும் கிடையாது, அன்றைக்குத்தான் கூட்டம் அள்ளும். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் எத்தனை வருஷம் என் கால் என் பேச்சைக் கேட்கும்? ஒரே ஒரு குளிர்காலம் எனக்கென்று வேண்டும் என்று நினைத்தேன். தப்பா? தப்புதான். அப்போது உறைக்கவில்லை.

இலையுதிர்காலம் முழுக்க அவரை இழுத்துக்கொண்டு அலைந்தேன். காட்டு ரோஜாப்பழம் பறித்து ஜாம் காய்ச்சினோம். மலைச்சரிவு மரங்களெல்லாம் சிவந்து கிடந்தபோது படகில் ஏரியைச் சுற்றினோம். மழை பெய்து ஓய்ந்ததும் பைன் காட்டில் காளான் பொறுக்கப் போனோம். மனுஷனுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு காளான் பறித்தால் நாலு தடவை செல்போனைத் தூக்கிப் பார்ப்பார். சிக்னல் வருகிற மேட்டுக்கு நடப்பார், திரும்பி வருவார், மறுபடி நடப்பார்.

"யாரு கூப்பிடணும் உன்னை, ஜனாதிபதியா?" என்றேன்.

"ஏப்ரல் முடியப்போவுது கிழவி. எல்லாருக்கும் சொல்லியாச்சாம். எனக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்ல."

"அப்ப நீயே கூப்பிட்டுக் கேளேன்."

அவர் கூப்பிட்டால் என் பொய் அங்கேயே உடைந்துவிடும். ஆனால் என் கிழவனை எனக்குத் தெரியும்.

"நானா? முப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் நான் போயிக் கெஞ்சணுமா? அதுக்கு வேற ஆளப் பாரு."

கூடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். மீதிக் காளானை நான் ஒருத்தியாகப் பொறுக்கினேன்.

ஜூனில் பனி விழுந்தது. சறுக்குத் தகட்டில் குழந்தைகளோடு குழந்தையாக மேட்டிலிருந்து வழுக்கினேன், அவர் கீழே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்லேட் கடைக்குக் கூட்டிப்போனால் நாற்காலி நுனியில் உட்காருவார். பனித் திருவிழாவில் மரம் வெட்டும் போட்டி பார்க்கப் போனோம். கூட்டத்தில் அவருடன் வேலை செய்த மில்லாகேயோ எதிர்ப்பட்டார். கையை உயர்த்தினார், ஒவிதியோவின் முட்டியைப் பார்த்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா? இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி பாக்கறான். கிழடுன்னு தூக்கிப் போட்டுட்டாங்க, அது ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் சொல்லல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கோடாரிகள் விழுந்தன, மரத்தூள் பறந்தது, கூட்டம் கைதட்டியது, நான் விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சவரம் செய்வதையும் விட்டுவிட்டார். பகலெல்லாம் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் கேட்ட குளிர்காலம் இதுவா என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஜூலை நடுவில் ஒருநாள் முடிவு செய்தேன்: மலைக்கு ஏறும் கம்பிவட நாற்காலியில் வைத்துச் சொல்லிவிடுவது. அங்கேதான் அவரால் எழுந்து போக முடியாது.

"மலைக்கா? நான் வரல," என்றார்.

"ஊர்ல வர்றவன் போறவன் எல்லாரையும் ஏத்தி விட்டிருக்க. கட்டினவள ஒருநாளாவது ஏத்தி விட்டியா?"

எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாற்காலி வரிசையில் ஏறினோம். குறுக்குக் கம்பியை அவரே இறக்கினார். கால்கள் தரையைவிட்டு எழும்பின. கீழே வெள்ளை வெளேரென்று சரிவு, பின்னால் ஏரி. நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இதுதான். நானோ கம்பியைப் பிடித்துக்கொண்டு தூண்களை எண்ணினேன். அவர் ஒவ்வொரு தூணையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அஞ்சாவது தூண்ல உருளை கத்துது. எண்ணெய் போடல."

"ஒவிதியோ, ஹோஃப்ஸ்டெட்டர் மார்ச் மாசமே கூப்பிட்டாரு."

அவர் அடுத்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன். உனக்கு முட்டி போச்சு, வர மாட்டேன்னு நீ சொல்லச் சொன்னதா பொய் சொல்லிட்டேன். யாரும் கேக்கக் கூடாதுன்னும் சொன்னேன். அதான் மில்லாகேயோ அப்படிப் பாத்தாரு. உன்னை யாரும் தூக்கிப் போடல. நான்தான்."

ஆறாவது தூண் போனது, ஏழாவது போனது. திட்டுவார் என்று பார்த்தேன். கையுறையைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். உச்சி வந்ததும் கம்பியைத் தூக்கி, என் முழங்கையைப் பிடித்துப் பத்திரமாக இறக்கிவிட்டார். பிறகு இயந்திர அறைக்குள் போனார்.

நான் உச்சியிலிருக்கும் காப்பிக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் இயந்திர அறையில் ஹோஃப்ஸ்டெட்டரும் இருந்தார். அவர் என் பக்கம் ஒருமுறை திரும்பினார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. அரைமணி கழித்து ஒவிதியோ வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இங்க மேல நிக்கற ஆளுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம். ஹோஃப்ஸ்டெட்டர் என்னை இப்பவே நிக்கச் சொல்றான்."

"நிக்கப் போறியா?"

"ஆமா."

"என்னை நல்லா திட்டிடு ஒவிதியோ. மனசுல வச்சுக்காத."

மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷம் போறதில்ல, உன்கூட இருக்கணும்னு. போதும் முப்பத்தோரு வருஷம்னு தோணிச்சு. அவன் கூப்பிடணும், நான் வேண்டாம்னு சொல்லணும், அப்புறம் உன்கிட்ட வந்து சொல்லணும். அதுக்குத்தான் அந்தப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அப்ப இப்ப வேண்டாம்னு சொல்லேன். இப்பச் சொல்லிட்டு என்கூட வந்துடேன்."

"எதைச் சொல்றது? அதைத்தான் எனக்குப் பதிலா நீ சொல்லிட்டியே."

எழுந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அவர் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியால் மேடையின் பனியைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். நாலு மாதமாக நிலைகொள்ளாமல் தவித்த அந்தக் கைகள் நிதானமாக வேலை செய்தன. இறங்குகிற நாற்காலி வந்தது. வேகத்தைக் குறைத்து, இருக்கையைப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கால்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்.

"கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா," என்று சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.