துடைத்து வைத்த படிகங்கள்

பம்பாயின் ஜூலை மாதத்தில் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும், முந்தாநாள் துவைத்த புடவை ஃபேனுக்கடியில் கிடந்து நாறும். மாட்டுங்காவில் எங்கள் ஃபிளாட்டில் இதையெல்லாம் காயவைக்கும் இலாகா என் கணவர் ஜம்புவுடையது. ஆபீஸிலிருந்து வந்ததும் கையில் ஒரு துணியோடு கிளம்பிவிடுவார்.

எனக்கு அந்த வருஷம் எதற்குமே தெம்பில்லை. பிஹெச்.டி.க்குச் சேர்ந்து ஆறாவது வருஷம். கோபால்ட் உலோகத்தோடு அமைடு என்ற கரிமப் பொருள் ஒன்றைச் சேர்த்து ஒரு சேர்மம் செய்திருந்தேன். அமைடில் ஆக்ஸிஜனும் உண்டு, நைட்ரஜனும் உண்டு; அது கோபால்ட்டைப் பிடித்திருப்பது எந்த அணுவால் என்பதுதான் கேள்வி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கைடு ஜகந்நாதன் சாருக்குச் சந்தேகமே கிடையாது, ஆக்ஸிஜன்தான். எனக்கு நைட்ரஜன் என்று பட்டது. நல்ல படிகம் கிடைத்தால் எக்ஸ்ரேயில் வைத்து எந்த அணு எங்கே என்று பார்த்துவிடலாம். கிடைத்ததெல்லாம் தூள், பிசின், மறுபடியும் தூள்.

ஒருவழியாக அந்த ஜூலையில் சேர்மம் மனம் இரங்கிற்று. மாதுளை முத்துப் போலக் கருஞ்சிவப்பில் நாலைந்து படிகங்கள். மெட்ராஸில் எக்ஸ்ரே இயந்திரத்தில் இடமும் கிடைத்தது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான். சாரோ மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறார், அதற்குள் தீஸிஸைக் கொடுத்தாக வேண்டும். படிகங்களை அவை வளர்ந்த மெதனால் திரவத்தோடு ஒரு சின்னக் குப்பியில் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் தாதரில் ரயில்.

சாயங்காலம் பிரயாணத்துக்குப் பழம் வாங்கப் போய்த் திரும்பினேன். ஜம்பு வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"ரயில்ல கொட்டிண்டா பையெல்லாம் நாறும்னு, ஒன்னோட குப்பில இருந்த தண்ணியக் கொட்டிட்டேன், ருக்கு. கல்லையெல்லாம் ஒத்தி எடுத்து ஃபேனுக்கடில வெச்சிருக்கேன். நன்னா காஞ்சுடுத்து."

டீப்பாயில் செய்தித்தாளின் மேல் செங்கல்பொடி மாதிரி ஏதோ கிடந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

"யார் தொடச் சொன்னா? ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்று கத்தினேன். கத்தும்போதே உள்ளே அப்பாடா என்றிருந்தது. ரயில் ஏற வேண்டாம், இனி எதையும் வளர்க்க வேண்டாம். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அப்பாடாதான்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஈரம்னா கெடுதல்தானேன்னு நெனச்சேன்."

"ஏன்னா, அந்த மெதனால் வெளில மட்டும் இல்லை, கல்லுக்குள்ளயும் இருக்கு. அதுதான் எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சுண்டிருந்தது. அது போனா பொடிதான்."

பொடியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "இதுல என்னத்தப் பாக்கப் போறதா இருந்தே?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன், சாரின் ஆக்ஸிஜன் உட்பட.

"சார் சொல்றது கெடக்கட்டும். ஒனக்கு எதுன்னு தோணறது?"

இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. "நைட்ரஜன்," என்றேன். சொன்னதுமே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொஞ்சம் முன்பிருந்த நிம்மதி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"அப்போ நைட்ரஜன்னே எழுதேன்."

"படிகம் இல்லாம எப்படி எழுதறது? தீஸிஸ்ல சார் சொல்றதுதான் போகும்."

மறுநாள் ரயிலுக்குப் பதிலாக லேபுக்குப் போனேன். தீஸிஸில் அந்தக் கோபால்ட் அத்தியாயத்தை முடித்து டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். ஆக்ஸிஜன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.