பதினாலாம் நம்பர் முள்

காலை பத்தரைக்குள் பதினேழு தட்டுகளையும் அளந்து முடித்துவிட்டாள் கிறிஸ்டினா. பதினேழும் தப்பு. ஒவ்வொரு பூச்சியும் மாதிரி அட்டையில் இருப்பதைவிட எள்ளளவு நீளம். ஒருத்தி தப்பாகக் கட்டலாம், இரண்டு பேர் கட்டலாம்; பதினேழு பெண்களுக்கும் ஒரே நாளில் கை கெட்டுப்போகுமா? ஸ்டோர் ரூமுக்குப் போய், காலியான பழைய டப்பாவின் மூலையில் ஒட்டிக்கிடந்த இரண்டு முட்களைத் தேடி எடுத்துவந்தாள். புது டப்பாவிலிருந்து இரண்டு. வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு டப்பாவிலும் பதினாலு என்றுதான் போட்டிருந்தது. கம்பெனிதான் வேறு. முள்ளில் நம்பர் குறையக் குறைய அளவு பெரிது; புதுக் கம்பெனியின் பதினாலு, பழைய கம்பெனியின் பன்னிரண்டு அளவுக்கு இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே ஒரு ஷெட்டில் இருக்கிறது இந்தப் பூச்சி கம்பெனி. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, பூச்சி மாதிரியே கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குளிர்ந்த ஆற்றில் இடுப்பளவு நின்று மீன் பிடிப்பார்களாம். பிடித்ததை மறுபடி ஆற்றிலேயே விட்டும் விடுவார்களாம். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அந்த ஷெட்டில் கிடையாது.

கட்டுகிற பெண்கள் ஸ்கேல் வைத்துக்கொள்வதில்லை. முள்ளின் தண்டு எவ்வளவோ அவ்வளவு வால், அதில் பாதி இறக்கை. முள்தான் அளவு, முள் பெரிதானால் பூச்சியும் பெரிதாகும். ஆறு வருடம் அதே பெஞ்சில் கட்டிவிட்டு செக்கிங் மேசைக்கு வந்த கிறிஸ்டினாவுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் மேசைக்கு வந்த பிறகு அவள் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு டப்பாவைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் முத்தம்மாவின் தட்டு மட்டும் இப்படி வந்தது. புது டப்பாவை முதலில் பிரித்தவள் அவள்தான். மற்றவர்கள் நேற்று வரை மீதியிருந்த பழைய முள்ளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டினாவைக் கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே முத்தம்மாதான். ஒரே தெரு, ஒரே வேன். வேண்டப்பட்டவள் என்று சலுகை காட்டுகிறாள் எனப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று கிறிஸ்டினாவுக்கு ஒரு வீம்பு. எல்லோரையும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொன்னாள். நூற்றிருபது பூச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பிளேடால் அறுத்துக் கொட்டினாள்.

"முள்ளு பெருசா கீது, கிறிஸ்டி," என்றாள் முத்தம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

"டப்பால பதினாலுன்னு போட்டுக்கீது. படிக்கத் தெரிஞ்சா படிச்சிப் பாரு."

பள்ளிக்கூடப் பக்கமே போகாதவளிடம், அத்தனை பேர் முன்னால். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்று மத்தியானமே முத்தம்மாவை இறகு கழுவுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது யோசித்தால் கிறிஸ்டினாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள்தான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். டப்பாவில் கம்பெனி பேர் மாறியிருந்ததைப் படிக்காமல் விட்டவளும் அவள்தான்.

நான்கு முட்களையும் தாளோடு எடுத்துக்கொண்டு மேனேஜர் பூவராகவனிடம் போனாள். மனிதர் அசரவே இல்லை. செருப்பு மாதிரிதானேம்மா, ஒருத்தனோட ஏழு இன்னொருத்தனுக்கு எட்டு, முள்ளிலும் அப்படித்தான் என்றார். பதினேழு தட்டையும் பெரிய சைஸ் ஆர்டரில் சேர்த்துவிடலாம், ஒன்றுகூட வீணாகாது என்றார். அப்படியானால் அந்த நூற்றிருபதும் வீணாகியிருக்க வேண்டியதில்லை. முத்தம்மாவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். சத்தமில்லாமல் பெஞ்சுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம், செக்கரே தப்பு பண்ணினாள் என்று தெரிந்தால் நாளைக்கு எவள் உன் பேச்சைக் கேட்பாள் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள் கிறிஸ்டினா. அதைக் கேட்டதும் மனசு லேசானது. லேசானதை நினைத்துத்தான் அப்புறம் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் வேனில் முத்தம்மா பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. மூன்று வாரமாகவே அது காலிதான். கிறிஸ்டினா போய் உட்கார்ந்து, முள் விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னாள். நாளையிலிருந்து பெஞ்சுக்கே வந்துவிடலாம் என்றும் சொன்னாள். முத்தம்மா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. வேன் ரயில்வே கேட்டைத் தாண்டியது.

"அறுக்கசொல்ல எல்லாரையும் பாக்க சொன்ன," என்றாள் முத்தம்மா. "இப்ப இன்னாத்துக்குக் காதுல சொல்ற?"

 தெரு முனையில் முத்தம்மா முதலில் இறங்கிப் போனாள்.

மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும் முன் வருகைப் பதிவுக்காக எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் ரப்பர் செருப்போடு முத்தம்மா. பூவராகவன் பேர் வாசித்து முடித்ததும் கிறிஸ்டினா முன்னால் போய் நின்றாள். இராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. 

"முத்தக்கா கட்டுனது சரி. நான் டப்பாவத்தான் பாத்தேன், முள்ளப் பாக்கல. அறுத்தது பூரா நல்ல பூச்சி. நான் பேசுனதும் தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பூவராகவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். முத்தம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். வைஸ் இடுக்கியில் ஒரு முள்ளை மாட்டினாள்.

நூலை எடுத்ததும் அது விரலில் சிக்கியது. தலைமுடியைவிட மெல்லிய நூல். மூன்று வாரம் இறகு கழுவும் சோடாத் தூள் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெடித்து, தோல் செதில் செதிலாக நின்றது. இழுத்தாள், இழை பிரிந்து அறுந்தது. இரண்டாவது தடவை ஒரு சுற்றுக்கு முன்பே அறுந்தது. பெஞ்சில் யாரும் கட்டவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள் கிறிஸ்டினா. அன்றைக்குப் பார்க்கச் சொன்னவளே அவள்தான். முத்தம்மா ஆள்காட்டி விரலைப் பல்லில் வைத்து, துருத்தி நின்ற தோலைக் கடித்துத் துப்பினாள். கடித்த இடத்தில் லேசாக ரத்தம் துளிர்த்தது. அதைப் புடவையில் ஒற்றிவிட்டு, மூன்றாவது தடவையாக நூலின் நுனியைத் தேடினாள்.