இடது பக்கம் இழுத்த கார்

என் தங்கையை வீட்டில் திருப்புளி என்றுதான் கூப்பிடுவோம். கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் போட்டுவிடுவாள். அந்தப் பட்டத்தைக் கேலியாகக் கொடுத்தவள் நான்தான். இப்போது மரியாதையோடு சொல்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரும்புக் கயிறு அடித்ததில் இடது கட்டைவிரலின் தசைநார் அறுந்து, ஆபரேஷன் ஆனது. விரலுக்குப் பயிற்சியாக வீடியோ கேம் ஆடச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். கார் ஓட்டும் விளையாட்டு. கார் தானாக ஓடும்; கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் இருக்கும் சின்ன ஸ்டிக்கைக் கட்டைவிரலால் தள்ளி, காரை நடுரோட்டிலேயே கொண்டுபோக வேண்டும். முதல் வாரம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஆறு வாரத்தில் நாளுக்கு நாள் மோசம். நானும் சும்மா இருந்தேனா? "மறுபடியும் இடதா? கவனம் எங்க இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணத்தேன்.

திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் விரலைச் சோதிப்பார். தேறாவிட்டால் இனிமேல் கிரேன் கிடையாது. சனிக்கிழமை காலை என் கணவர் கன்ட்ரோலரைச் சோபாவில் வீசினார்.

"விரல் செத்துப்போச்சு. நான் டெஸ்டுக்குப் போகல."

அப்போதுதான் உள்ளே வந்த திருப்புளி, கன்ட்ரோலரை எடுத்து டீப்பாயில் வைத்தாள்.

"யாரும் தொடாதீங்க."

யார் கையும் படாமலே கார் இடது பக்கம் திரும்பி வேலியில் உரசியது.

"மாமா, கோளாறு உங்க விரல்ல இல்ல. இதுல."

அணைத்துப் போட்டுப் பார்த்தாள், அப்படியேதான் இழுத்தது. செட்டிங்ஸில் போய் ஸ்டிக்கின் நிலையைக் காட்டும் புள்ளியைப் பார்த்தாள். நடுவில் நிற்க வேண்டியது இடது பக்கம் ஒதுங்கி நின்றது. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஸ்டிக்கின் அடியில் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். குச்சி கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது.

"அக்கா, இதுல ஏது எண்ணெய்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. தினமும் ஆடுவதற்கு முன் அவர் விரலில் தைலத்தை வழிய வழியத் தேய்த்தவள் நான். கெடுத்ததும் நான், திட்டினதும் நான். வெட்கமாக இருந்தது.

அசராமல் ஏழெட்டுக் குச்சி மாற்றினாள். ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் சுழற்றி, காயவைத்தாள். புள்ளி நடுவில் வந்து உட்கார்ந்தது. கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள்.

கார் கிளம்பிய வேகத்தில் வலது பக்கச் சுவரில் போய் மோதியது.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. திருப்புளியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"அக்கா, அது இடது பக்கம் இழுக்க இழுக்க, மாமா இத்தனை நாளா அதை வலது பக்கம் தள்ளிப் பிடிச்சிட்டே ஆடியிருக்காரு. இப்போ இழுக்க ஆள் இல்ல, இவரு பழக்கத்துல தள்ளுறாரு. நல்ல விரலே வலிச்சுப்போற வேலை இது! செத்த விரல் இதைச் செய்யுமா?"

அவர் தன் கட்டைவிரலையே பார்த்தார். பிறகு என் உள்ளங்கையைப் பிடித்து அந்த விரலால் அழுத்தினார்.

"ஐயோ, வலிக்குதுங்க!"

"நிஜமாவா?"

அவர் முகத்தில் ஆறு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. அடுத்த கையையும் நீட்டினேன்.